பங்குப் பள்ளி முதல் பிளஸ் டூ வரை: வடசென்னையின் கத்தோலிக்கப் பள்ளிகள் எப்படி வளர்ந்தன?

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபாதர் ஸ்கூல், சிஸ்டர் ஸ்கூல்னு சொல்றாங்களே, அது கவர்ன்மென்ட்டா, பிரைவேட்டா?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒரே சொல்லில் பதில் கிடைக்காது. கட்டடமும் நிலமும் மறைமாவட்டத்துக்கோ ஒரு துறவற சபைக்கோ சொந்தம். ஆசிரியர்களில் பலருக்கு மாதச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. புத்தகம் அரசு அச்சிட்டது, தேர்வு அரசு நடத்துவது. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதோ நிர்வாகம். அதே வளாகத்தில், சில சமயம் அடுத்த மாடியிலேயே, கட்டணம் செலுத்திப் படிக்கும் இன்னொரு பிரிவும் இருக்கும். அங்கே பாடம் நடத்துபவருக்கு அரசுச் சம்பளம் கிடையாது.

ஒரு வாசலுக்குள் இத்தனை ஏற்பாடுகள் எப்படி வந்து சேர்ந்தன என்பது தெரிந்துவிட்டால், பள்ளி அலுவலகத்தில் சொல்லும் 'எய்டட்', 'செல்ஃப் ஃபைனான்ஸ்', 'ஆங்கிலோ இந்தியன்', 'தமிழ் மீடியம்' எல்லாம் தானாக விளங்கிவிடும். இந்தப் பள்ளிகள் ஒரே நாளில் திட்டம் போட்டுக் கட்டியவை அல்ல. அந்தந்தக் காலத்தில் வாசலில் வந்து நின்ற பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பகுதியாகச் சேர்ந்தவை.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடுவோம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு கோயிலைச் சுற்றியுள்ள மக்கள் கூட்டத்துக்குப் பங்கு என்று பெயர். பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். நம் ஊருக்கு அது சென்னை - மயிலை உயர்மறைமாவட்டம். சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலை மறைமாவட்டமும் தனித்தனியாக இருந்து, 1952இல் ஒன்றாயின. சில பள்ளிகள் நேரடியாக மறைமாவட்டத்தின் கையில் இருக்கின்றன. மற்றவை சலேசியர், பிரசன்டேஷன் சிஸ்டர்கள் போன்ற துறவற சபைகளின் கையில். பள்ளிக்குப் பொறுப்பாக இருந்து அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர் தாளாளர், பேச்சு வழக்கில் கரஸ்பாண்டன்ட். தலைமை ஆசிரியர் வேறு, தாளாளர் வேறு. பிரச்சினை என்று போகும்போது யாரைப் பார்ப்பது என்று குழம்புபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: வகுப்பு, தேர்வு, வருகைப்பதிவு எல்லாம் தலைமை ஆசிரியரிடம், நியமனம், கட்டடம், பணம் எல்லாம் தாளாளரிடம்.

கோயில் நிழலில் தொடங்கியது

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1642இல் வந்து தங்கிய பிரெஞ்சு கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேர், மறைப்பணியோடு பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். அதை இன்றைய பொருளில் பள்ளி என்று சொல்ல முடியாது. ஒரு துறவி, சில பிள்ளைகள், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் செபம். ஆனால் கோயில் இருக்கும் இடத்தில் பாடமும் இருக்க வேண்டும் என்ற பழக்கம் சென்னையில் அவ்வளவு பழையது.

பெயர்ப்பலகை, பதிவேடு, பாடவேளை என்று பள்ளிகள் உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டில். அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியன் தெருவில், புனித மரியன்னை ஆண்கள் பள்ளி 1839இல் தொடங்கியது. இன்று அது செயின்ட் மேரிஸ் ஆங்கிலோ இந்தியன் மேல்நிலைப்பள்ளி. அந்தோனியார் கோயில் என்று செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் மொய்க்கும் அதே தெருதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1842இல், அயர்லாந்திலிருந்து கப்பலேறி பிரசன்டேஷன் சபை சிஸ்டர்கள் வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில் அந்தச் சபையின் முதல் மடம் ஜார்ஜ் டவுனில்தான் அமைந்தது. இவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நானோ நேகிள் என்ற பெண்மணி அயர்லாந்தின் கார்க் நகரில் 1775இல் இந்தச் சபையைத் தொடங்கினார். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதையே சட்டம் தடுத்து வைத்திருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். ஏழைக் குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்கு மறைவாகப் பள்ளி நடத்தித்தான் தொடங்கினார். படிப்பு மறுக்கப்பட்ட ஊரில் பிறந்த சபை, பெண்கள் படிப்பது அரிதாக இருந்த இன்னொரு ஊருக்கு வந்தது. வடசென்னையில் பெண்கள் பள்ளிகள் இவ்வளவு பழையவையாக இருப்பதற்கு இப்படி வந்தவர்களுடைய உழைப்பு பெரிய காரணம்.

இந்த ஆரம்ப காலப் பள்ளிகளில் படித்தவர்கள் யார்? கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஐரிஷ் சிப்பாய்கள் நிறைய இருந்தார்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய பிள்ளைகள், தகப்பனைப் போரிலோ காய்ச்சலிலோ இழந்த அநாதைகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். இவர்களுக்கு ஆங்கிலத்தில் பாடம் நடந்தது. இன்னொரு பக்கம் ராயபுரத்துக் கடற்கரையில் படகுக்காரர்களும் மீனவர்களும் இருந்தார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் கடலில் தள்ளியே நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலா படகில் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ராயபுரம் புனித பேதுரு கோயிலைக் கட்டியதும் அந்தப் படகுத் தொழிலாளர் சமூகம்தான். அவர்களுடைய பிள்ளைகள் படித்தது பங்குப் பள்ளியில், தமிழில். எழுத்து, கணக்கு, மறைக்கல்வி எனப்படும் கிறிஸ்தவ மத போதனை. நான்கைந்து வகுப்போடு முடிந்துவிடும். அப்புறம் பையன் கடலுக்கு, பெண் வீட்டுக்கு.

ஆக, ஆங்கிலப் பிரிவு, தமிழ்ப் பிரிவு என்ற பிளவு நேற்று வந்ததல்ல. தொடக்கத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஏணி வைக்க 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

'ஹைஸ்கூல்' ஆனது எப்படி

தொடக்கப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக மாற இரண்டு வெளிக் காரணங்கள் வேண்டியிருந்தன. ஒன்று பணம், மற்றொன்று தேர்வு.

பணத்துக்கு வழி திறந்தது 1854இல் வந்த உட்ஸ் அறிக்கை. எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்த முடியாது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்து, இன்ஸ்பெக்டர் வைத்துச் சோதித்தால் போதும் என்பது அதன் சாரம். இன்றைய 'அரசு உதவி பெறும் பள்ளி' என்ற ஏற்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. அடுத்து 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அது நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பள்ளிதான் ஹைஸ்கூல் என்று ஆனது. ஆக, உயர்நிலைப் பள்ளி ஆவது என்றால் மேலே நான்கு வகுப்பறை கட்டுவது மட்டும் அல்ல. பட்டம் பெற்ற ஆசிரியர் வேண்டும், அறிவியல் சாமான் வேண்டும், நூலகம் வேண்டும், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் கணக்குக் காட்ட வேண்டும். கோயில் உண்டியலை நம்பி நடத்திய பள்ளிகளுக்கு இது பெரிய தாவல்.

1911இல் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. ராயபுரத்துப் பெரியவர்கள் "நான் சிக்ஸ்த் ஃபார்ம் முடிச்சவன்" என்பார்கள். இன்றைய 6ஆம் வகுப்பு அன்று ஃபர்ஸ்ட் ஃபார்ம், 11ஆம் வகுப்பு சிக்ஸ்த் ஃபார்ம். அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரிக்குப் போகிறவர்கள் பின்னாளில் அங்கே பி.யூ.சி. என்று ஓராண்டு படித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போனார்கள். சிக்ஸ்த் ஃபார்ம் முடித்தவருக்குத் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ குமாஸ்தா வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் தொடக்கப் பள்ளிகளை மேலே மேலே வளரச் சொல்லித் தள்ளியது.

வடசென்னையின் வேலை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. பெரம்பூரில் ரயில் பணிமனை வந்தது. 1876இல் பக்கிங்காம் ஆலை, 1881இல் கர்நாடிக் ஆலை. ரயில்வேயில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு முன்னுரிமை இருந்ததால் அவர்கள் ராயபுரம், பெரம்பூர், வேப்பேரிப் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்காக ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள் வளர்ந்தன. தனி விதிமுறை, தனிப் பாடத்திட்டம், ஆங்கிலமே பயிற்று மொழி.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. நம் அரசியலமைப்பின் 337ஆம் பிரிவு, ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்குச் சிறப்பு மானியத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் தொடரச் சொன்னது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே போய் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. ஒரு நிபந்தனையும் வைத்தது: ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காடு இடங்கள் மற்ற சமூகத்தாருக்குத் திறந்திருக்க வேண்டும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் புறப்பட்டுப் போகப் போக, அந்த இடங்களில் தமிழ், தெலுங்கு, உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பெயர் மட்டும் 'ஆங்கிலோ இந்தியன்' என்று நிலைத்துவிட்டது. இன்று அந்தப் பெயரைப் பார்த்து "நம்ம பிள்ளையைச் சேர்ப்பாங்களா?" என்று தயங்குபவர்கள் தயங்கவே வேண்டாம்.

சலேசியரும் தொழிற்கல்வியும்

ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955இல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட், பிறகு மணலியில் சுத்திகரிப்பு ஆலை. வடசென்னைக்குக் கை வேலை தெரிந்த, கணக்கும் வரைபடமும் புரிந்த இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். பெரம்பூர் டான் பாஸ்கோ பள்ளி வளர்ந்தது இந்தச் சூழலில்தான். அதை நடத்துவது சலேசியர் சபை.

சலேசியர் கல்விமுறை தனித்தன்மை உடையது. இத்தாலியின் தூரின் நகரில் 1841 முதல் தெருவோரச் சிறுவர்களோடு வேலை செய்தவர் புனித ஜான் போஸ்கோ. தொழிற்புரட்சிக் காலத்தில் கிராமத்தை விட்டு வந்து, கட்டட வேலையிலும் பட்டறையிலும் சிக்கிய சிறுவர்கள் அவர்கள். தவறு செய்த பிறகு தண்டிப்பதைவிட, தவறு செய்யும் நிலைக்கே பிள்ளை போகாதபடி கூடவே இருப்பது என்பது அவருடைய முறை. அறிவு, ஆன்மிகம், அன்பு என்ற மூன்றின் மேல் அதை நிறுத்தினார். பள்ளி என்பது வீடாகவும், கோயிலாகவும், வகுப்பறையாகவும், விளையாட்டு மைதானமாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றார். சலேசியர் பள்ளிகளில் மைதானத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மைதானத்தில் ஆசிரியர் நின்று பிள்ளைகளோடு பேசுவதும் அவர்களுக்குக் கல்வித் திட்டத்தின் பகுதிதான். மீதி நேரத்தை நிரப்புவதற்காக வைத்த விளையாட்டு அல்ல.

வியாசர்பாடியில் அதே சபையைச் சேர்ந்த இத்தாலியர், ஃபாதர் ஓர்ஃபெயோ மாந்தோவானி, 1960களில் பியாட்டிட்யூட்ஸ் என்ற சமூக நல மையத்தைத் தொடங்கினார். சோறு, மருந்து, பள்ளி மூன்றும் ஒரே இடத்தில். பேசின் பிரிட்ஜில் டான் பாஸ்கோ பாலிடெக்னிக் வந்தது. பத்தாவதோடு நின்றுவிடும் பையனுக்கும் ஒரு பாதை இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாடுகளின் நோக்கம். வடசென்னையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியை மதிப்பிட வேண்டும் என்றால் சென்டம் வாங்கியவர்கள் பட்டியலோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: படிப்பு ஏறாத பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன வழி வைத்திருக்கிறது?

அரசின் பங்கும் பெரிது. காமராசர் காலத்து மதிய உணவு, பிறகு கட்டணமில்லாப் பள்ளிக் கல்வி. இவை இல்லாமல் காசிமேட்டுப் பிள்ளையும் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஃபர்ஸ்ட் ஃபார்மைத் தாண்டியிருக்க முடியாது. அரசு உணவும் கட்டணச் சலுகையும் கொடுத்தது. பள்ளி கட்டடமும் கண்டிப்பும் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் முதல் தலைமுறை எஸ்.எஸ்.எல்.சி.க்காரர்கள் தெருத் தெருவாக உருவானார்கள்.

1978: பெரிய திருப்பம்

என்னைக் கேட்டால், இந்தப் பள்ளிகளின் வரலாற்றில் மிக முக்கியமான ஆண்டு 1978. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ தொடங்கிய ஆண்டு. கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய், 11, 12ஆம் வகுப்புகள் பள்ளிக்குள் வந்தன. உயர்நிலைப்பள்ளிகள் மேல்நிலைப்பள்ளிகள் ஆயின. உயர்நிலைப்பள்ளி என்றால் 10 வரை, மேல்நிலைப்பள்ளி என்றால் 12 வரை. பெயர்ப்பலகையில் இதைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பி.யூ.சி. படிக்க வடசென்னைப் பிள்ளை அதுவரை வேற்று இடத்துக் கல்லூரிக்குப் போக வேண்டும். பஸ் செலவு, பழக்கமில்லாத சூழல், ஆங்கிலப் பாடம். பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கிய வீடுகள் ஏராளம். அதே சிஸ்டர் பள்ளியில், அதே சீருடையில், இன்னும் இரண்டு ஆண்டுகள் படிக்கலாம், அதுவும் தமிழ் வழியில் என்றபோது அந்தத் தயக்கம் குறைந்தது. வடசென்னையில் நர்ஸாகவும், டீச்சராகவும், வங்கி ஊழியராகவும் ஆன பல பெண்களின் வாழ்க்கையில் இந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பெரிய இடம் உண்டு.

பள்ளிகளுக்கு இது சுலபமாக இல்லை. வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று தனித்தனி ஆய்வகம் வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் வேண்டும். எந்தெந்த குரூப் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணினியோ சேரும். வணிகவியல், கணக்குப் பதிவியல் தனி குரூப். தொழிற்பிரிவும் அப்போதே மேல்நிலைக் கல்வியில் இடம்பெற்றது. தட்டச்சு, அலுவலக மேலாண்மை, நர்சிங், இயந்திரவியல், மின்சாதனம் என்று பலவகை. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கித் தள்ளும் இடமாகப் பல ஊர்களில் இந்தத் தொழிற்பிரிவு பார்க்கப்பட்டது. அது தவறான பார்வை. ஒழுங்காக நடத்திய பள்ளிகளில், அந்தப் பிரிவில் படித்தவர்கள் கல்லூரிக்குப் போகும் முன்பே சம்பாதிக்கத் தொடங்கினார்கள்.

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இணைந்த பி அண்ட் சி ஆலை 1996இல் மூடப்பட்ட பிறகு நிலைமை மறுபடி மாறியது. பத்தாவது முடித்தால் ஆலையில் வேலை என்ற நினைப்புக்கே இடமில்லாமல் போயிற்று. பிளஸ் டூவும் அதற்கு மேலும் கட்டாயத் தேவை ஆயின. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு வரிசை நீண்டது.

எய்டட் என்றால் உண்மையில் என்ன?

இதைத்தான் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் நடக்கும் பல விஷயங்களுக்குக் காரணம் இதற்குள்தான் இருக்கிறது.

அரசு உதவி பெறும் பள்ளியில் அரசு நேரடியாகக் கொடுப்பது முக்கியமாக ஆசிரியர், ஊழியர் சம்பளம். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நியமனம், பணி நீக்கம், அங்கீகாரம் எல்லாவற்றுக்கும் விதி வகுத்தது. அதற்கு முன்பு நிர்வாகத்தின் மனநிலையைப் பொறுத்து இருந்த ஆசிரியர் பணிக்கு ஒரு பாதுகாப்பு வந்தது.

ஆனால் எத்தனை ஆசிரியருக்குச் சம்பளம்? அதைத் தீர்மானிப்பது பிள்ளைகளின் எண்ணிக்கை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை மாணவர்கள் என்று பார்த்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் இதை 'ஸ்டாஃப் ஃபிக்சேஷன்' என்பார்கள். தொடக்க வகுப்புகளுக்கு 30 பேருக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர், 9, 10க்கு 40 பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் ஓர் இடம் 'சர்ப்ளஸ்' ஆகிவிடும். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றால் புதியவரை நியமிக்க அனுமதி கிடைப்பது கஷ்டம்.

இந்த வாய்பாடு வடசென்னையில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஜார்ஜ் டவுனில் வீடுகள் குடோன்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன, குடியிருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆற்றோரக் குடிசைகளில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும், நகரின் தென்கோடிக்கு, அனுப்பிவிட்டார்கள். மிச்சமுள்ள பெற்றோர் கடன் வாங்கியாவது ஆங்கில வழியில் சேர்க்கிறார்கள். மூன்றும் சேர்ந்து தமிழ் வழி எய்டட் பிரிவின் எண்ணிக்கையைக் கரைக்கின்றன. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடம் போகும். ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் எண்ணிக்கை இன்னும் குறையும். பள்ளி மோசமாக நடத்தப்படுவதால்தான் இப்படி ஆகிறது என்று நினைப்பது அநியாயம். நல்ல ஆசிரியர்கள் இருந்தும், சுற்றியுள்ள தெரு காலியாகிப் போனதாலேயே தேய்ந்த பிரிவுகள் உண்டு.

இதைச் சமாளிக்க நிர்வாகங்கள் இரண்டு காரியம் செய்கின்றன. ஒன்று, சுயநிதியில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்குவது. இரண்டு, அங்கே வரும் கட்டணத்திலிருந்து, எய்டட் பிரிவில் காலியான இடத்துக்கு ஒரு 'மேனேஜ்மென்ட் டீச்சரை' வைப்பது. அவருக்குச் சம்பளம் அரசு ஆசிரியரின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே பாடத்தை நடத்தும் இருவருக்கு இடையே இவ்வளவு வித்தியாசம் இருப்பது மனத்தை உறுத்தும் விஷயம். இதைப் பேசாமல் பள்ளியின் வளர்ச்சியைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மை ஆகாது.

மறைக்கல்வி, மாரல் சயின்ஸ், சட்டம்

"சேர்த்தால் மதம் மாற்றிவிடுவார்களா?" என்ற பயமும் சிலருக்கு உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையம் தொடங்கி நடத்த உரிமை கொடுக்கிறது. 28ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும் சம்மதமில்லாமல் மத போதனையில் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது. சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 29ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் மதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது.

நடைமுறையில், மத போதனைக்கான பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு, அதாவது மாரல் சயின்ஸ். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை, கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் படிக்கும் பள்ளிகளையும் திருச்சபை மிகவும் மதிக்கிறது என்று அதில் சொன்னது. வடசென்னைப் பள்ளிகளில் இந்து, இஸ்லாமியப் பிள்ளைகள் கணிசமாகப் படிப்பது இன்று சாதாரணக் காட்சி.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் தரச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 விழுக்காடு இடஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் இன்னோர் அமர்வு கருத்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆர்.டி.இ. இடம் கேட்டு இந்தப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பாடம்

2011 வரை ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. ஒரே தெருவில் இரு கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்த அண்ணனும் தங்கையும் வெவ்வேறு புத்தகம் வைத்திருப்பார்கள். சமச்சீர் கல்வி வந்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே பாடம். ஆங்கிலோ இந்தியன், மெட்ரிகுலேஷன் என்ற பெயர்கள் இன்றும் பலகையில் இருக்கின்றன. பாடத்தில் பழைய வித்தியாசம் இல்லை. 2018 முதல் புதிய புத்தகங்கள் வந்தன, பிளஸ் டூ மொத்தம் 1200 மதிப்பெண்ணிலிருந்து 600 ஆனது.

புத்தகம் ஒன்றாகிவிட்டதால், பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இப்போது புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. மாலை ஸ்டடி எப்படி நடக்கிறது, மைதானம் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா, என்.சி.சி. இருக்கிறதா, ஆய்வகத்தில் பிள்ளை கையால் சோதனை செய்கிறதா அல்லது பார்த்துவிட்டு வருகிறதா. வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் பிள்ளைக்கு மாலை ஸ்டடி என்பது பெரிய வரம். அதை விடாமல் நடத்தும் பள்ளிகளை மனமாரப் பாராட்ட வேண்டும்.

சலுகைகள் விஷயத்தில் பெற்றோர் நிறைய ஏமாறுகிறார்கள், தெரியாமையால். தமிழ் வழி எய்டட் பிரிவில் படிப்பவருக்கு இலவசப் பாடநூல், மதிய உணவு, மிதிவண்டி கிடைக்கும். காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010 முதல் இருக்கிறது. ஆனால் மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே. எய்டட் பள்ளி அதில் சேராது. அதே காசிமேட்டுத் தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இது சரி செய்யப்பட வேண்டிய ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: இந்தப் பள்ளிகளில் மற்ற பிரிவுகள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை, படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்காகத் தொடங்கிய தமிழ் வழி வகுப்புதான் ராயபுரம் போன்ற இடங்களில் அடித்தளம். கட்டணப் பிரிவு பளபளப்பாக வளரும்போது அந்த வகுப்புக்கும் அதே பெயின்ட், அதே ஸ்மார்ட் போர்டு, அதே நல்ல ஆசிரியர் கிடைக்கிறதா என்று நிர்வாகமும் பழைய மாணவர் சங்கங்களும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மாணவர்கள் கூடி அரங்கம் கட்டித் தருவது நல்லதுதான். காலியான ஒரு தமிழ் வழி ஆசிரியர் இடத்துக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுப்பது அதைவிடப் பயன்படும்.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்: இந்த இடம் எய்டட் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? பயிற்று மொழி எது? பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது, பத்தாவது இங்கேயே படித்தவருக்கு முன்னுரிமை உண்டா? கட்டணம் இருந்தால் ரசீது கொடுப்பார்களா? கூச்சப்பட ஒன்றுமில்லை, இவற்றைச் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை. பயிற்று மொழியை மாற்றுச் சான்றிதழிலும் குறிப்பார்கள். புதுமைப் பெண்ணுக்கும் தமிழ் வழி முன்னுரிமைக்கும் பின்னால் அதைத்தான் கேட்பார்கள் என்பதால், டி.சி. வாங்கும் அன்றே அந்த வரி சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.